நெசவாளர்களின் கட்டை விரல்களை ஆங்கிலேயர் வெட்டினரா? ஆவணங்கள் சொல்வது என்ன?

கொல்கத்தா: டாக்கா மஸ்லின் நெய்தவர்களின் கட்டை விரல்களைக் கிழக்கிந்திய கம்பெனி வெட்டி எறிந்தது, அதன் பின்னரே மான்செஸ்டர் துணி இந்தியாவுக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 7-ஆம் தேதி, தேசிய கைத்தறி தினம் நெருங்கும்போதெல்லாம் இந்தச் செய்தி சமூக ஊடகங்களில் வலம் வருகிறது. மேடைப் பேச்சுகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் இது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகவே சொல்லப்படுகிறது.

இது முற்றிலும் கட்டுக்கதை அன்று. வங்காளத்தில் கட்டை விரல்கள் வெட்டப்பட்டதாக 1772-ஆம் ஆண்டில் அச்சான ஒரு நூலில் குறிப்பு உண்டு. ஆனால் அந்தக் குறிப்பில் விரலை இழந்தவர்கள் மஸ்லின் நெசவாளர்கள் அல்லர். கத்தியைப் பிடித்த கையும் ஆங்கிலேயருடையது அன்று. விரலை வெட்டிக்கொண்டவர்கள், பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் தொழிலாளர்கள். வெட்டியவர்களும் அவர்களே.

1772 நூல் சொல்வது:

அந்த நூலை எழுதியவர் வில்லியம் போல்ட்ஸ். கம்பெனியின் ஊழியராக வங்காளத்தில் பணியாற்றி, சொந்த வணிகத்திலும் பெரும் பொருள் ஈட்டியவர். மேலதிகாரிகளுடன் மோதியதால் 1768-இல் வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார். இங்கிலாந்து திரும்பியதும் கம்பெனியின் நிர்வாகத்தைச் சாடி எழுதினார். அவருக்குக் கம்பெனி மீது சொந்தப் பகை இருந்தது என்பதை அவர் எழுத்தைப் படிக்கும் எவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

நெசவாளர்கள் மீதான அபராதம், சிறை, கசையடி, வலிந்து எழுதி வாங்கப்பட்ட ஒப்பந்தங்கள் ஆகியவற்றை அடுக்கிச் சொல்லும் போல்ட்ஸ், அந்தப் பட்டியலின் ஊடே கச்சாப் பட்டு நூல் எடுக்கும் ‘நகாடு’ என்ற பிரிவினரைக் குறிப்பிடுகிறார். பட்டு நூல் எடுக்கும்படி தங்களை எவரும் கட்டாயப்படுத்தாதிருக்க, அவர்கள் தங்கள் கட்டை விரல்களைத் தாங்களே வெட்டிக்கொண்ட நிகழ்வுகள் உண்டு என்பது அவர் தரும் செய்தி.

கட்டை விரல் ஏன் என்பதற்கு அத்தொழிலின் தன்மையே விடை. கொதிநீரில் இட்ட பட்டுக்கூடுகளின் இழைமுனைகளைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றி, பல இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக இழுக்க வேண்டும். கட்டை விரல் இல்லாதவரை அந்த வேலையில் உட்கார வைக்க முடியாது. வேலையிலிருந்து தப்புவதற்கு ஒருவர் தம் உடலின் ஓர் உறுப்பையே விலையாகக் கொடுக்கிறார் என்றால், அந்த வேலை எப்படிப்பட்ட கட்டாயத்தின் கீழ் நடந்திருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கட்டாயத்துக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1769 மார்ச் மாதத்தில் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் வங்காள நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினர். கச்சாப் பட்டு உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டும், பட்டுத் துணி நெசவைத் தளரச் செய்ய வேண்டும், நூல் எடுப்பவர்கள் தத்தம் வீடுகளில் வேலை செய்வதைத் தடுத்துக் கம்பெனியின் பட்டுச்சாலைகளிலேயே வேலை செய்ய வைக்க வேண்டும் என்பவை அதன் சாரம். 1783-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறிக்கை இக்கடிதத்தை எடுத்துக்காட்டிக் கண்டித்தது. இந்தியாவை இங்கிலாந்தின் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் தரும் வயலாக மாற்றும் திட்டம் இது என்பதை அக்குழு அப்போதே கண்டுகொண்டது.

பட்டு நூல் எடுப்பவரின் விரல், மஸ்லின் நெசவாளரின் விரலாக மாறியது எப்படி? உறுதியான ஒற்றை விடை இல்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையில் 1788-இல் பேசிய எட்மண்ட் பர்க், ரங்கபூர் வட்டாரத்தில் வரி கட்ட இயலாத குடியானவர்களின் விரல்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடையில் ஆப்பு அடித்து நசுக்கிய கொடுமையை விவரித்தார். அந்தச் செய்தியும் போல்ட்ஸின் குறிப்பும் மக்களின் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். ஏகலைவன் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில், பறிக்கப்பட்ட கட்டை விரல் என்ற படிமம் எளிதில் ஒட்டிக்கொள்வதிலும் வியப்பில்லை.

வெட்டுவதால் யாருக்கு ஆதாயம்?

காலவரிசையை நோக்கினால் மற்றொரு முரண் தெரியும். 1757 பிளாசிப் போருக்குப் பிந்தைய பல ஆண்டுகளில் கம்பெனியின் வருவாய்க்கு வங்காளத் துணி ஏற்றுமதி பெரும் ஆதாரமாக இருந்தது. குறைந்த விலைக்கு வாங்கி லண்டனில் ஏலம் விடுவதற்கு அதற்கு மேலும் மேலும் துணி வேண்டும். நெய்பவரின் விரலை வெட்டுவது கம்பெனி தன் பொன் முட்டையிடும் வாத்தை அறுப்பதற்கு ஒப்பாகும். கம்பெனிக்கு வேண்டியிருந்தவை, வேறு எவருக்கும் வேலை செய்ய இயலாத விரல்கள். அதற்கு அது பயன்படுத்திய கருவி கணக்கேடு.

அதற்கு முந்தைய நிலை வேறு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத் துணிக்காக ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் ஆகியோருடன் ஆர்மீனிய, குஜராத்தி வணிகர்களும் போட்டியிட்டனர். தாந்தி எனப்படும் இந்து நெசவுச் சமூகத்தினரும், ஜுலாஹா எனப்படும் முஸ்லிம் நெசவாளர்களும், முரட்டுத் துணி நெய்த ஜுகி சமூகத்தினரும் அந்தத் தொழிலில் இருந்தனர். மேக்னா ஆற்றங்கரையில் விளைந்த ‘ஃபுட்டி கார்ப்பாஸ்’ என்ற பருத்தியிலிருந்து, காற்றில் ஈரம் மிகுந்த அதிகாலை வேளையில் இளம்பெண்கள் நூற்ற நூலே டாக்கா மஸ்லினுக்கு உயிர். வெயில் ஏறினால் இழை அறுந்துவிடும்.

நூலுக்கும் சாப்பாட்டுக்குமாக நெசவாளருக்கு வணிகர் முன்பணம் தருவது வழக்கம். வங்காளத்தில் இதற்கு ‘தாதன்’ என்று பெயர். முன்பணம் பெற்றவர், வேறொருவர் கூடுதல் விலை தந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை அவருக்கு விற்றுவிட முடிந்தது. சோழமண்டலக் கரையிலும் இதுவே நடைமுறை என்பதை வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி தம் ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். நெசவாளர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். வணிகரால் முறிக்க முடியாது. விலை பிடிக்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்துவிடுவதும் உண்டு. நெசவாளரைத் தக்கவைக்கக் கம்பெனியே அந்நாளில் வீட்டுமனையும் முன்பணமும் கொடுத்து அழைத்தது. சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, 1730-களில் அப்படி நெசவாளர்களுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்பே.

நவாப் அலிவர்திகான் காலத்தில் டாக்காவிலிருந்த ஓர் ஆங்கிலேயர், நெசவாளர்கள் தாமாகவே கொண்டுவந்த 800 மஸ்லின் துணிகளை ஒரே காலைப்பொழுதில் தம் வீட்டு வாசலிலேயே வாங்கியதாக போல்ட்ஸ் எழுதுகிறார். அதே மனிதர், சில ஆண்டுகளுக்குள், ஜங்கல்பாரி வட்டாரத்தில் 700 நெசவாளர் குடும்பங்கள் ஒருசேர ஊரையும் தொழிலையும் விட்டு வெளியேறியதையும் கண்டார்.

குமாஸ்தாவின் கணக்கேடு:

இடையில் நடந்தது என்ன? 1753-இல் கம்பெனி, இடைநிலை வணிகர்கள் மூலம் துணி வாங்கும் முறையைக் கைவிட்டது. சம்பளம் பெறும் தன் சொந்த முகவர்களை நேரடியாக நெசவாளர்களிடம் அனுப்பியது. அந்த முகவர்களுக்குக் ‘குமாஸ்தா’ என்று பெயர். பின்னாளில் தமிழில் அலுவலக எழுத்தரைக் குறித்து நிலைத்துவிட்ட இச்சொல், அன்றைய வங்காள நெசவாளரின் வீட்டில் அச்சமூட்டிய சொல்லாக இருந்தது.

பிளாசிக்குப் பின் அரசியல் அதிகாரமும் கம்பெனியின் கைக்கு வந்ததால் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக ஒதுக்கப்பட்டனர். வாங்குபவர் ஒருவரே என்றானதும், பழைய முன்பணம் புதிய பொருள் கொண்டது. குமாஸ்தா வைத்ததே விலை. நெசவாளர் பணத்தை வாங்க மறுத்தால் அதை இடுப்புத் துணியில் முடிந்து, அடித்து அனுப்பியதும் நடந்தது என்கிறார் போல்ட்ஸ். குமாஸ்தாவும் துணியின் தரம் பார்க்கும் ‘ஜாசன்தாரும்’ சேர்ந்து நிர்ணயித்த விலை, பொதுச் சந்தையில் கிடைக்கக்கூடியதைவிட 15 முதல் 40 சதவீதம் வரை குறைவு என்பது அவர் கணக்கு. பகையாளியின் கணக்கு என்று சற்றுத் தள்ளுபடி செய்தாலும், நெசவாளர்களே கம்பெனிக்கு அளித்த முறையீடுகள் அதே திசையில்தான் உள்ளன. டாக்கா, சாந்திப்பூர் நெசவாளர்கள் கூடிப் பேசி மனு எழுதியதையும், கல்கத்தா வரை சென்று முறையிட்டதையும் ஹமீதா ஹுசைன் கம்பெனி ஆவணங்களிலிருந்து தொகுத்துள்ளார்.

கொடுத்த நாளில் துணி வராவிட்டால் நெசவாளரின் வீட்டு வாசலில் கம்பெனிச் சேவகர் நிறுத்தப்பட்டார். அவருக்கான அன்றாடப் படியையும் அந்த நெசவாளரே தர வேண்டும். தரம் போதாது என்று துணி திருப்பப்பட்டால் கடன் நிலுவையில் நின்றது. நிலுவை இருக்கும்வரை வேறு எவருக்கும் நெய்யக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் பின்னர் முறையான ஒழுங்குவிதிகளாகவே எழுதப்பட்டன. 1770-இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்ததாக ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். இறந்தவர்களில் நெசவாளர்களும் நூற்போரும் திரளாக இருந்தனர். அவர்கள் பெயரில் நின்ற பாக்கிகள் ஏட்டில் அப்படியே இருந்தன.

முதலில் நின்றது ராட்டை:

துணி வாங்கிய கம்பெனியின் காலத்தையும், துணி விற்க வந்த மான்செஸ்டரின் காலத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே கட்டை விரல் கதையின் பெரிய பிழை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உண்டு.

இந்தியத் துணிக்கு இங்கிலாந்தில் எதிர்ப்பு முன்பே தொடங்கியிருந்தது. 1719-இல் லண்டன் நெசவாளர்கள், இந்தியச் சீட்டித் துணி உடுத்திச் சென்ற பெண்கள் மீது மை வீசியும் ஆடையைக் கிழித்தும் கலவரம் செய்தனர். அவர்களும் பிழைப்புக்குப் பயந்த தொழிலாளர்களே. 1700, 1721-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணிக்கு அங்கே தடை விதித்தன. அந்தத் தடையின் நிழலில் வளர்ந்த இயந்திரங்களில், 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கிய ‘மியூல்’ என்ற நூற்பு இயந்திரம் மஸ்லினுக்குப் போதிய அளவு மெல்லிய நூலைத் தந்தது. 1813-இல் இந்திய வணிகத்தில் கம்பெனியின் தனியுரிமை நீக்கப்பட்டது. இந்தியத் துணி பிரிட்டனுக்குள் கடும் வரியுடன் நுழைய, பிரிட்டிஷ் துணியும் நூலும் இந்தியாவுக்குள் சொற்ப வரியுடன் வந்தன. டாக்காவில் கம்பெனியின் துணிக் கொள்முதல் அந்தப் பத்தாண்டுகள் முடிவதற்குள் நின்றது. அந்நகரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்திலிருந்து முப்பது நாற்பதாயிரமாகச் சுருங்கிவிட்டது என்று 1840-இல் நாடாளுமன்றக் குழு முன் சார்லஸ் டிரெவெல்யன் சாட்சியம் அளித்தார்.

இந்த வீழ்ச்சியில் முதலில் வேலை இழந்தவர்கள் தறியில் இருந்த ஆண்கள் அல்லர். ராட்டையின் முன் இருந்த பெண்கள். வங்காளி இதழான ‘சமாசார் தர்ப்பண்’ 1828-இல் ஒரு கடிதம் வெளியிட்டது. எழுதியவர் சாந்திப்பூரைச் சேர்ந்த, நூல் நூற்றுப் பிழைத்த ஒரு கைம்பெண். 22 வயதில் கணவரை இழந்தபோது அவர் கையில் மூன்று பெண் குழந்தைகளும் முதிய மாமனார் மாமியாரும் இருந்தனர். நகைகளை விற்றுக் கணவரின் ஈமச்சடங்கு செய்தார். பட்டினியின் விளிம்பில் தக்ளியும் ராட்டையும் கைகொடுத்தன. நெசவாளர்கள் வீடு தேடி வந்து, ரூபாய்க்கு மூன்று தோலா வீதம் நூலை வாங்கிச் சென்றனர். கேட்ட மாத்திரத்தில் முன்பணமும் தந்தனர். அந்த வருமானத்தில் மூன்று மகள்களுக்கும் குறையின்றித் திருமணம் செய்தார். மாமனாரின் சடங்குக்கு வாங்கிய 44 ரூபாய்க் கடனையும் ஒன்றரை ஆண்டில் நூற்றே அடைத்தார்.

பிறகு மூன்று ஆண்டுகளாக நெசவாளர்கள் வருவதில்லை. சந்தைக்கு அனுப்பினாலும் பழைய விலையில் கால் பங்குக்குக்கூட நூல் போகவில்லை. காரணம் கேட்டபோது சீமை நூல் இறக்குமதியாகிறது என்றனர். தம் நூலைவிட உயர்ந்தது உலகில் இல்லை என்று நம்பியிருந்த அவர், சீமை நூலை வாங்கிப் பார்த்து, அது மேலானதே என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதில் நெய்த துணி இரண்டு மாதம்கூட உழைக்காது என்றும் சொல்கிறார். இக்கடிதத்தை 1931-இல் காந்தியடிகள் தம் ‘யங் இந்தியா’ இதழில் மறுபதிப்பு செய்தார்.

முன்பணம் என்ற அதே ஏற்பாடு சாந்திப்பூர்ப் பெண்ணுக்குக் கைத்தாங்கலாகவும், குமாஸ்தாவிடம் சிக்கிய நெசவாளருக்குத் தளையாகவும் இருந்திருக்கிறது. வாங்குபவர் பலர் இருந்த இடத்தில் அது கடன். ஒருவரே இருந்த இடத்தில் அது சிறை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வருவதை நிறுத்தியவர்களும் நெசவாளர்களே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மலிவான நூல் அவர்களை மேலும் பல காலம் தறியில் உட்கார வைத்தது. இந்தியக் கைத்தறி முற்றாக அழியாததற்கு ஆலை நூல் ஒரு காரணம் என்பதைப் பின்வந்த பொருளாதார வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இன்றைய நிலை:

1905 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம், வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. சுதேசி இயக்கத்தின் அந்த நாளே தேசிய கைத்தறி தினமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் முதல் விழா 2015-இல் சென்னையில் நடைபெற்றது.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்தின் டாங்காயில் பகுதியிலிருந்து பசாக் குடும்பத்து நெசவாளர்கள் இடம்பெயர்ந்து, சாந்திப்பூரை அடுத்த ஃபுலியாவில் குடியேறினர். அவர்கள் நெய்யும் டாங்காயில் சேலைக்கு 2024 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பெயரில் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டபோது வங்கதேசத்தில் எதிர்ப்பு கிளம்பியது. தறியோடு குடிபெயர்ந்தவர்களின் தொழில் எந்த நாட்டுக்கு உரியது என்ற வழக்கு அது. அந்தக் குறியீடு யார் பெயரில் இருந்தாலும், அங்கே சேலையின் கூலியை முடிவு செய்பவர் பெரும்பாலும் மகாஜன்தான். நூலும் வடிவமைப்பும் அவருடையவை. முன்பணமும் அவர் தருவதே. நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தமிழகத்தின் நெசவு ஊர்களில் ‘மாஸ்டர் வீவர்’ என்று அழைக்கப்படுபவரின் இடமும் ஏறத்தாழ இதுவே. அவரைக் குமாஸ்தாவோடு ஒப்பிடுவது நியாயமன்று. அவர் பின்னால் சேவகரும் சட்டமும் இல்லை. விசைத்தறிப் போலிகளால் சேலை தேங்கினால் அவரும் நட்டப்படுகிறார். ஆயினும் நூல் வாங்கும் முதல் இல்லாத நெசவாளருக்குப் பேரம் பேசும் இடம் குறைவு.

1995-96 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறி நெசவாளர்களும் சார்பு வேலை செய்வோரும் 65 லட்சத்துக்கும் மேல். 2009-10-இல் அது 43.31 லட்சமாகவும், 2019-20-இல் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகவும் குறைந்தது. இவர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று அதே கணக்கெடுப்பு பதிவு செய்துள்ளது.

நூலுக்காகவும் முதலுக்காகவும் ஒருவரையே சார்ந்திருக்கும் நிலையை மாற்றவே, நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6 சதவீத வட்டியில் வங்கிக் கடனும், மூலப்பொருள் வழங்கல் திட்டத்தில் சிட்டா நூலுக்கு 15 சதவீத விலைச் சலுகையும் மத்திய அரசால் அறிவிக்கப்பட்டுள்ளன. நூல் சலுகைக்கு அளவு உச்சவரம்பு உண்டு. கடனைப் பெறத் தனிப்பெயரில் வங்கிக் கணக்கும், நெசவாளர் அடையாள அட்டையும் வேண்டும். வீட்டிலிருந்தபடியே ராட்டை சுற்றியும் பாவு தோய்த்தும் கூலி பெறும் பெண்கள் பலர், குடும்பத் தலைவரின் பெயரில் உள்ள கணக்குக்குள்ளேயே அடங்கிவிடுகின்றனர்.